தண்ணீரின் நிறை

போன ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, நெடுநாள் காணாதிருந்த தெரிந்தவர் ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "செபா, என்னெண்டு இவ்வளவு மெலிஞ்சனீர்? எந்த ஜிம்முக்குப் போறனீர்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன். இதில் நோய் இருக்கிறது, ஊசி இருக்கிறது, இரண்டு பேர் ஒரே நாளில் சத்திரசிகிச்சைக் கட்டிலில் படுத்த பயம் இருக்கிறது. ஆனாலும் இதை எழுத உட்காரும்போது எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

நான் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், மனுரேவா என்ற புறநகரில், ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். என் மனைவி றெஜினா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்தவள். இருவருக்கும் ஊர் மன்னார். எங்கள் மகள் அனிற்றா இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

றெஜினாவுக்கு வந்தது அவளுடைய தாய்வழியில் வந்த நோய். சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் முளைக்கும். சிறிது சிறிதாகப் பெரிதாகும். கடைசியில் சிறுநீரகம் திராட்சைக் குலைபோல ஆகி, இரத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலையை விட்டுவிடும். அவளுடைய தாய் அந்த நோயில்தான் போனார். மன்னாரில் இருக்கும் தம்பிக்கும் அது இருக்கிறது. மகளுக்கோ இன்னும் வயது போதாது. ஆகவே அவளுக்குச் சிறுநீரகம் தரக்கூடிய இரத்த உறவு என்று எவரும் இல்லை.

அவள் டயாலிசிஸில் இருந்தாள். கிழமையில் மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, இரத்தம் முழுவதையும் ஒரு மெஷினுக்குள் அனுப்பிக் கழுவி எடுக்கவேண்டும். அவளுக்குச் சிறுநீர் ஏறத்தாழ நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிப்பாள். வெயில் நாட்களில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்கு முடியாது.

"நான் தரலாமோ எண்டு கேட்டுப் பாப்பம்" என்றேன் ஒருநாள்.

"உங்கட உடம்பை வைச்சுக்கொண்டோ?" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அதுதான் கேள்வியாகவும் இருந்தது.

இரத்தம் எடுத்தார்கள். என் இரத்த வகை பொருந்தியது. என் அணுக்களை அவளுடைய இரத்தத்தோடு கலந்து, அது சண்டைக்குப் போகிறதா என்று பார்த்தார்கள். போகவில்லை! அந்தச் செய்தியைச் சொன்னவள் மெரே. சிறுநீரகம் கொடுக்க முன்வருபவர்களைக் கவனிக்கிற தாதி அவள். உரத்த சிரிப்பும் கண்டிப்பும் ஒன்றாகச் சேர்ந்தவள், இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண். சந்தோஷத்தில் நான் எழும்பி அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் சிரித்தபடி என்னை விலக்கி, மூலையில் இருந்த தராசைக் காட்டினாள். ஏறினேன். நூற்றொரு கிலோ.

"தொண்ணூறுக்கு வந்தால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் உன்னை அனுப்புவேன்" என்றாள் மெரே. "வயிற்றில் கொழுப்புக் கூடினால் வெட்டுவதும் கஷ்டம், உனக்கு ஆபத்தும் கூட. பிறகு மிஞ்சுகிற ஒரு சிறுநீரகம் உன்னைக் காலம் முழுக்கக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?"

பதினொரு கிலோ. தூக்கிப் பார்த்தால் ஒரு பெரிய அரிசிப் பை. அதை என் உடம்பிலிருந்து இறக்கினால் றெஜினா எழும்பிவிடுவாள். எனக்கு அவ்வளவு தெளிவாக ஒரு வேலையை வாழ்க்கையில் யாரும் தந்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் நடந்தேன். வேலை முடிந்து வந்து, அருகிலிருக்கும் பூங்காவில் அனிற்றாவோடு ஏற்றமும் இறக்கமுமாக நடப்பேன். சோற்றைப் பாதியாக்கினேன், களஞ்சியத்துக் கன்ரீனில் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்குவதை விட்டேன். தராசு இறங்கியது. நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு! காலையில் குளியலறையிலிருந்து நான் இலக்கத்தைக் கத்துவேன், சமையலறையிலிருந்து றெஜினா கை தட்டுவாள். தொண்ணூற்று மூன்றுக்கு வந்ததும் இறக்கம் நின்றது. சரி, இன்னும் உசார் ஆகவேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தேன். பாரம் தூக்கினேன், குந்தி எழும்பினேன், ஓடும் மெஷினில் ஓடினேன். படியில் இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது, தசையெல்லாம் அவ்வளவு நோ. அந்த நோவே எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கிழமை முடிவில் தராசில் ஏறினேன். தொண்ணூற்றைந்து.

நம்பவில்லை. இறங்கி ஏறினேன். தராசைத் தரையில் வேறு ஓட்டின்மேல் வைத்து ஏறினேன். அதே இலக்கம். குறைத்துச் சாப்பிட்டு, வியர்வை ஓடப் பாடுபட்டு, இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்!

ஆஸ்பத்திரியில் எனக்கு உணவு ஆலோசனை சொன்னவள் கவிதா, திருச்சிப் பெண். நான் புயல்போல அவளுடைய அறைக்குள் போனேன்.

"உக்காருங்கண்ணா" என்றாள். "புதுசா எடை தூக்குறீங்க இல்லையா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"அதான். பழக்கமில்லாத வேலை குடுத்தா தசையில ரொம்பச் சின்னச் சின்னதா கிழிசல் விழும். பயப்படாதீங்க, அது சரியாகி வரும்போதுதான் தசை பலமாகும். அதைச் சரி பண்ண உடம்பு அந்த இடத்துல தண்ணியைத் தேக்கி வைக்கும். அடி பட்டா வீங்குதில்ல, அந்த மாதிரி. இன்னொண்ணு, உடற்பயிற்சி பண்றவங்க தசை நாளைக்கு வேணும்னு மாச்சத்தைச் சேர்த்து வைக்கும். அந்தச் சத்து தனியா உக்காராது. அதைவிட அதிகமாத் தண்ணியையும் கூடக் கூட்டிட்டு வந்துதான் உக்காரும்."

"அப்ப கொழுப்புக் கூடேல்லையோ?"

"இல்லண்ணா. கொழுப்பு அது பாட்டுக்குக் குறைஞ்சிட்டுத்தான் இருக்கு. மேல தண்ணி வந்து அதை மறைக்குது. கொஞ்ச வாரம் விடுங்க."

"தசை கூடியிருக்குமோ?" என்று ஆசையாகக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ஒரே வாரத்துலயா? அவ்வளவு ஆசை ஆகாதுண்ணா."

எல்லாம் விளங்கியது. ஆனால் விளங்குவது வேறு, பொறுப்பது வேறு. மெரேயின் அடுத்த கிளினிக் நெருங்கிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் றெஜினா காரிலிருந்து இறங்கி வீட்டுப் படியில் ஒருதரம் நின்று மூச்செடுத்துத்தான் உள்ளே வருவாள். கொஞ்ச வாரம் விடு என்று யாரிடம் சொல்வது?

தண்ணீர்தான் ஏறியதென்றால் தண்ணீரை இறக்கலாமே என்று என் மூளை கணக்குப் போட்டது. கிளினிக்குக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடும் மெஷினில் ஏறினேன். பிறகு கால் நடுங்கும்வரை குந்தி எழும்பினேன். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண், "நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அடுத்த நாள் மெரேயின் தராசு எண்பத்தொன்பதரை காட்டியது.

"யெஸ்!" என்று கத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மெரே மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நான் கார் நிறுத்தும் இடத்துக்குப் போவதற்குள் தொடையில் பிடிப்பு வந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நிற்கவும் முடியாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படித்தான் நான் முதல்முதலாக ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போனேன். கையில் சேலைன் ஏற்றினார்கள். ஒரு இளம் டொக்டர் வந்து முடிவுகளைச் சொன்னார். அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை உடைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலக்கும். அதைச் சுத்தம் செய்வது சிறுநீரகத்தின் வேலை. தண்ணீரும் இல்லாமல் அந்த வேலையைக் கொடுத்ததில் என் சிறுநீரகங்கள் திணறியிருக்கின்றன. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் பின்தங்குகிறது என்று அர்த்தம். எனக்கு அது கூடியிருந்தது. சிறுநீரில் புரதமும் போயிருந்தது.

"இப்போதைக்கு தானம் நிறுத்திவைக்கப்படுகிறது" என்றார். "அளவுகள் பழைய நிலைக்கு வந்தால் பார்ப்போம்."

வந்தால். அந்தச் சொல் என் நெஞ்சில் கல்லாக விழுந்தது. அந்த மருத்துவமனை நாட்களில் நான் உண்மையாகப் பயந்தது அப்போதுதான். பின்னால் வெட்டப்போன அன்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

அன்று றெஜினாவுக்கு டயாலிசிஸ் நாள். அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே, அவளுடைய உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே எனக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் அவள் வந்தாள். கையில் பஞ்சுக் கட்டு, ஒரு பக்கம் அனிற்றா தாங்கிப் பிடித்திருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு விசரோ?" என்றாள்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"இல்லையப்பா, தொண்ணூறுக்குக் கீழ வந்தால்..."

"என்ன வந்தது? நான் ஒவ்வொரு முறையும் அந்தத் தராசில ஏறுறன். மெஷினில இருக்க முதல் ஒருக்கா, எழும்பினாப் பிறகு ஒருக்கா. நாலு மணித்தியாலத்தில ரெண்டு கிலோ குறையும். நான் மெலிஞ்சிட்டனோ? ஒரு கிராம் கொழுப்புப் போகேல்லை. தண்ணி. வெறும் தண்ணி. நீங்கள் அந்தத் தண்ணியை நிறுத்துப்போட்டுச் சந்தோசப்பட்டிருக்கிறியள்."

நான் சேலைன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு மிடறு தண்ணிக்குத் தவம் கிடக்கிறன். உங்களுக்கு பைப்பைத் திறந்தால் தண்ணி. குடிக்காமல் இருந்திருக்கிறியள்! அதுவும் எனக்குத் தரப்போற கிட்னியை வைச்சுக்கொண்டு!" குரல் அங்கேதான் உடைந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து என் கையில் வைத்தாள். "குடியுங்கோ. நான் பாக்கவேணும்."

குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு குவளை ஊற்றினாள். அதையும் குடித்தேன். அதோடு, சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. எவ்வளவோ நாளாக அவள் எதற்கும் கோபப்பட்டதில்லை; கோபப்படக்கூடத் தென்பில்லாமல் இருந்தாள். கடைசியில் என் சிறுநீரகத்துக்காக என்னோடு சண்டை போடுகிறாள். அதை அவள் தனக்குரியதாக எடுத்துக்கொண்டுவிட்டாள்!

நான்காம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். குளியலறைத் தராசில் ஏறினால் இலக்கமே வரவில்லை.

"பற்றரிய டிவி ரிமோட்டுக்குப் போட்டாச்சு" என்றாள் அனிற்றா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் வாயிலிருந்து முழுத் தமிழ் வசனம்! அதற்குமேல் நான் என்ன வாதாடுவது?

அடுத்த மாதங்கள் மெதுவாகப் போயின. கவிதா சொன்னபடி நடந்தேன், அளவாகப் பாரம் தூக்கினேன், ஓய்வு நாட்களில் உண்மையாகவே ஓய்ந்தேன், தாகத்துக்கு முன்னமே தண்ணீர் குடித்தேன். தராசு எதைச் சொன்னதென்று எனக்குத் தெரியாது. ஆனால் காற்சட்டை பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடவேண்டி வந்தது. போர்க்லிஃப்டில் ஏறும்போது முனகுவதை விட்டேன். ஒருநாள் பூங்கா மேட்டில் ஏறும்போது அனிற்றா, "டாட், வெயிட்!" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். பதினாறு வயசு! நான் மேட்டிலேயே கையைத் தூக்கி ஆடினேன்.

கிரியேட்டினின் பழைய அளவுக்கு வந்தது. மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் சரி. புரதமும் நின்றுவிட்டது. மெரேயின் தராசு மட்டும் தொண்ணூற்றொன்றரையில் அசையாமல் நின்றது. என் முகம் விழுந்ததைக் கண்டு, "பேசாமல் ஸ்கேனுக்குப் போ" என்றாள்.

சத்திரசிகிச்சை நிபுணர் உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண். கணினியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஆரம்பப் பரிசோதனைகளின்போது எடுத்தது, மற்றது இப்போது எடுத்தது. என் வயிற்றைக் குறுக்காக வெட்டிப் பார்த்தாற்போல இருந்தது. முதல் படத்தில் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு மெத்தைபோல அடைத்துக்கிடந்தது. இரண்டாவதில் அது ஒதுங்கி இடம் விட்டிருந்தது. முதுகுத் தசை கொஞ்சம் தடித்தும் இருந்தது.

"தராசுக்கு இவை இரண்டும் ஒன்றுதான்" என்றார். "எனக்கு ஒன்றல்ல. உன் இரத்த அழுத்தம் நல்லது, சீனி நல்லது, சிறுநீரகம் நல்லது. தொண்ணூறு என்பது ஒரு வழிகாட்டி மட்டுமே. நான் செய்கிறேன்."

வெளியே வந்து றெஜினாவுக்கு போன் எடுத்தேன். "ஓமாம்" என்றேன். இரண்டு பேரும் மூச்சுவிடுவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

சத்திரசிகிச்சை அன்று காலை, தள்ளுகட்டில்கள் இரண்டையும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் விட்டார்கள். அனிற்றா நடுவில் நின்று ஒவ்வொரு கையாலும் ஒவ்வொருவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் எங்கள் எல்லாரிலும் பெரிய பயம். தாயும் தகப்பனும் ஒரே கதவுக்குள் போகிறார்கள். "போத் ஒஃப் யூ, கம் பாக்" என்றாள். "வருவம்" என்றாள் றெஜினா. என்னைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்தபோது வாய் பஞ்சாக இருந்தது. வலி வயிற்றில் இருக்கும் என்று நினைத்தேன், தோளில் இருந்தது. சிறு துளைகள் போட்டு வேலை செய்வதற்காக வயிற்றுக்குள் காற்றை நிரப்புவார்களாம். மிஞ்சிய காற்று தோளில் வலியாகத் தெரியுமாம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிபுணர் தொப்பியோடு வந்து என் கால்மாட்டில் நின்றார்.

"உன் சிறுநீரகம் வெளிறிப்போய்க் கிடந்தது" என்றார். "அவளுடைய இரத்தக் குழாயோடு தைத்துவிட்டு, இரத்தத்தை மறித்திருந்த கவ்வியை எடுத்தேன். எங்கள் கண்முன்னே இளஞ்சிவப்பானது. நாங்கள் தைத்து முடிக்கவே இல்லை, அதற்குள் சிறுநீர் பீச்சி என் கையுறையை நனைத்துவிட்டது."

நான் சிரித்தேன். தையல் இழுத்தது. அழுதேன். அதற்கும் இழுத்தது.

இரண்டாம் நாள் காலை சேலைன் தூணைத் தள்ளிக்கொண்டு அவளுடைய வார்டுக்குப் போனேன். போகும் வழியில் ஒரு தாதி என்னை நிறுத்தித் தராசில் ஏற்றினாள். தொண்ணூற்றைந்து! ஒரு சிறுநீரகத்தை வெளியே கொடுத்துவிட்டு மூன்றரை கிலோ கூடியிருக்கிறேன். "சேலைன், வீக்கம்" என்று அவள் சமாதானம் சொல்ல வந்தாள். "தெரியும் பிள்ளை, தண்ணி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன்.

றெஜினா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பல காலமாக முகத்தில் படிந்திருந்த சாம்பல் நிறம் போயிருந்தது. கட்டிலின் பக்கத்தில் சிறுநீர்ப் பை நிறைந்து தொங்கியது. தேன் நிறம். அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

"இஞ்சாருங்கோ, நேற்றிலயிருந்து இந்தப் பையை நாலு தரம் ஊத்திப்போட்டினம்" என்றாள். "உங்கட கிட்னிக்கு உங்கட குணம்தான். ஓரிடத்தில சும்மா இருக்குதில்லை."

"நல்லாக் கவனியுங்கோ. என்ர சாமான்" என்றேன்.

"இனி என்ர" என்றாள்.

அதன் பிறகும் பயங்கள் இருந்தன. உடம்பு அந்நியச் சிறுநீரகத்தை எதிர்க்காமலிருக்க ஒரு பெட்டி நிறைய மாத்திரை; அவற்றால் கை நடுக்கம். ஒருமுறை காய்ச்சல் வந்து மறுபடி அனுமதித்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் தொங்கா தீவுக் குடும்பம் கேட்காமலே எங்கள் புல்லை வெட்டிவிட்டுப் போனது. பூசைக்கு வருகிறவர்கள் மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். நான் பாரம் தூக்காமல் வீட்டிலிருந்த காலம் முழுக்க அனிற்றாதான் உடுப்புத் தோய்த்தாள், ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடி.

இந்தத் திங்கட்கிழமை றெஜினா வேலைக்குத் திரும்பினாள். அரை நேரம்தான். காலையில் அவளை மனுரேவா ரயில் நிலையத்தில் இறக்கிவிடப் போனேன். சிக்னலில் பிந்திவிட்டது, நாங்கள் போய்ச் சேரும்போது ரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தது.

"அடுத்ததில போகலாம்" என்று சொல்லிக்கொண்டே நான் கார்க் கதவைத் திறந்தேன். பக்கத்துச் சீட்டில் அவள் இல்லை.

ஓடிக்கொண்டிருந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையை மேலே தூக்கி வண்டியை மறித்துக்கொண்டு, மேடையின் நீளத்துக்கு என் மனைவி ஓடினாள். கதவு மூடுவதற்கு ஒரு கணம் முன்னால் உள்ளே பாய்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மூச்சிரைக்க, வாயெல்லாம் பல்லாக எனக்குக் கை காட்டினாள். ரயில் கிளம்பியது.